வேலூரிற் புனர்வாழ்வு மருத்துவக் குழு: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் பெயர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கிருமியைக் கண்டவர், ஒரு மருந்தை ஆக்கியவர், ஒரு சத்திரசிகிச்சையை முதன்முதற் செய்தவர் என்றவாறு ஒவ்வொரு முன்னேற்றமும் ஒருவரது பெயரோடு பிணைக்கப்படுகின்றது. புனர்வாழ்வு மருத்துவத்தை இம்முறையில் எழுத முற்படுவோர் விரைவிலேயே இடர்ப்படுவர். முடங்கிக் கிடந்த கையொன்று மீண்டும் சோற்றைப் பிசைந்து உண்ணுமாயின், அச்செயலுக்கு உரிமை கோரத்தக்கவர் யார்? தசைநாணை இடம்மாற்றித் தைத்தவரா? தைத்த தசைநாணை இயக்குமாறு பல வாரங்கள் பயிற்றியவரா? அக்கைக்கேற்ற பிடியைச் செதுக்கிக் கொடுத்தவரா? அன்றி, உணர்விழந்த கையை நாள்தோறும் கண்ணாற் பார்த்துக் காத்த நோயாளர்தாமா? இவ்வினாவிற்குத் தென்னிந்தியாவின் வேலூரிலே, 1940களின் பிற்பகுதி தொடக்கம் 1960களின் நடுப்பகுதிவரை நிகழ்ந்தவை தெளிவான விடையொன்றைத் தருகின்றன. அங்குக் குழு என்பது முன்கூட்டியே வரையப்பட்ட திட்டமொன்றின்படி அமைந்ததன்று. ஒருவரது தொழில் எவ்விடத்தில் தோற்றதோ அவ்விடத்திலேயே இன்னொருவரது தொழில் நுழைந்தது.

புனர்வாழ்வுக் குழுவில் இன்று இடம்பெறும் தொழில்கள் யாவும் ஒரே காலத்திற் பிறந்தவையல்ல. ஒரே நோக்கத்திற்காகப் பிறந்தவையுமல்ல. இங்கிலாந்திலே தாதியர் நால்வர் 1894ஆம் ஆண்டு நிறுவிய மசாஜ் பயிற்சிபெற்றோர் சங்கமே பின்னர் இயன்மருத்துவரின் தொழிற்சங்கமாக வளர்ந்தது. வைத்தியசாலைச் சமூக சேவையாளர் பதவி லண்டன் றோயல் ஃபிறீ வைத்தியசாலையில் 1895ஆம் ஆண்டு உருவானது. தொழில்வழிச் சிகிச்சையாளர் ஐக்கிய அமெரிக்காவில் 1917ஆம் ஆண்டு ஒரு சங்கமாக இணைந்தனர். இத்தொழில்களிற் பெண்களே பெரும்பான்மையினர் என்பதும், நெடுங்காலம் வைத்தியரின் ஆணைப்படி மட்டுமே இவர்கள் செயற்பட அனுமதிக்கப்பட்டனர் என்பதும் தற்செயலானவையல்ல. சிதறிக் கிடந்த இவற்றை ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது போரேயாகும். ஜேர்மனியிலிருந்து அகதியாக வெளியேறிய நரம்பியல் வைத்தியர் லுட்விக் குட்மன் 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முதுகுநாண் காயமுற்ற போர்வீரர்க்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணித்தியாலத்திற்கொருமுறை, இரவிலும், நோயாளரைப் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும் என்பது அவர் விதித்த ஒழுங்கு. அதுவரை படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த்தொற்றாலும் இறந்துகொண்டிருந்தோர் உயிர் பிழைத்தமைக்கு இவ்வொழுங்கைத் தவறாது நிறைவேற்றிய தாதியரும் உதவியாளருமே முதற் காரணர். அமெரிக்காவிலே ஹவாட் றஸ்க், போர்க்கால அனுபவத்தின் அடிப்படையில், நியூயோர்க்கிற் புனர்வாழ்வு நிறுவனமொன்றை அமைத்தார்.

ஆனால் அரசின் பணமும் போர்வீரர்பால் நாட்டு மக்கள் கொண்டிருந்த நன்றியும் அந்நிலையங்களுக்குப் பின்னால் நின்றன. வேலூரிலே இவ்விரண்டும் இருக்கவில்லை. அங்குக் குழு உருவானது போர்வீரரைச் சுற்றியன்று. எவரும் தீண்ட விரும்பாத தொழுநோயாளரைச் சுற்றியே உருவானது.

தொழுநோயாளர்பாற் சமூகமும் அரசும் கைக்கொண்ட முறை பிரித்துவைத்தல் என்பதே. இலங்கையிலே கொழும்பிற்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் கட்டி 1708ஆம் ஆண்டு நிறைவுசெய்த தொழுநோய் இல்லம் இம்முறையின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகும். பிரித்தானிய இந்தியாவிலே 1898ஆம் ஆண்டுச் சட்டம் வறிய தொழுநோயாளரைக் கைதுசெய்து இல்லங்களில் அடைக்கவும், சில தொழில்களைச் செய்யவொட்டாது தடுக்கவும் அதிகாரமளித்தது. சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தவர் வறியவரே என்பது கவனிக்கத்தக்கது. வசதியுள்ளோர் தம் வீட்டின் உள்ளறைகளில் மறைந்து வாழ்ந்தனர். இத்தகைய இல்லமொன்றிலே தேவைப்பட்டோர் காவலாளரும் சமையற்காரரும் மதகுருவுமேயன்றி, குழு எதுவுமன்று. குணமாக்க மருந்தில்லாதவிடத்துக் குணமாக்கும் தொழில்களுக்கு இடமிராது.

இந்நிலையை மாற்றியது சல்போன் மருந்துவகையாகும். அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் வைத்தியசாலையில் 1941ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வுகளின் பயன் விரைவிற் செங்கற்பட்டை அடைந்தது. அங்குள்ள லேடி வில்லிங்டன் தொழுநோய் வைத்தியசாலையிற் பணியாற்றிய றொபேட் கொக்றேன் இம்மருந்துகளை இந்தியாவிற் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பையும் அவர் அக்காலத்தில் வகித்தார். மருந்து நோயைத் தடுத்தது. ஆயின் அழிந்த நரம்பை அது மீட்டுத் தரவில்லை. கிருமி நீங்கியபின்னும் விரல்கள் நகம்போல் மடிந்தே இருந்தன. பாதத்திற் புண் ஆறவில்லை. நோயிலிருந்து விடுபட்டும் நோயாளராகவே வாழ்ந்த மக்கட்கூட்டமொன்று முதன்முறையாகத் தோன்றியது. குழுவின் வரலாறு உண்மையில் இவர்களிடமிருந்தே தொடங்குகின்றது.

1946ஆம் ஆண்டு வேலூருக்கு வந்த போல் பிராண்ட் 1914ஆம் ஆண்டு கொல்லிமலையிற் பிறந்தவர். மிஷனரிப் பெற்றோரின் மகன். மருத்துவம் பயிலுமுன் இங்கிலாந்திலே கட்டடத் தொழிலும் தச்சும் பழகியவர். பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது இத்தொழிற்பயிற்சி சிறு செய்தியன்று. கொக்றேனுடன் செங்கற்பட்டிற்குச் சென்ற அவர், அங்குக் கண்ட கைகளை ஒரு தொழிலாளியின் கண்ணாலேயே முதலிற் பார்த்தார் எனலாம். மடிந்த கையொன்று அவரது கையைப் பற்றியபோது அதன் பிடி வலிமையுடையதாயிருந்தது. முன்கையின் தசைகள் பல பழுதுறாதிருந்தன. செயலிழந்தவை உள்ளங்கையின் சிறு தசைகளே. மேலும், இறந்தோரின் உடல்களை ஆராய்ந்ததில், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றை அண்டித் தோலுக்கு நெருக்கமாகச் செல்லுமிடங்களிலேயே நரம்புகள் வீங்கி அழிவுற்றிருந்தமை புலனாயிற்று. எந்தத் தசை செயலிழக்கும், எது தப்பும் என்பதை முன்கூட்டியே கூறமுடியும் என்பது இதன் பொருள். தப்பும் தசையொன்றின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு விரல்களிற் பொருத்துவது சாத்தியமாயிற்று. போலியோவாலும் காயத்தாலும் முடங்கிய கைகளில் இம்முறை முன்னரே கையாளப்பட்டதுதான். 1948ஆம் ஆண்டு வேலூரிலே தொழுநோயாளரின் கையில் இது செய்யப்பட்டது.

பொதுவாகக் கூறப்படும் வரலாறு இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றது. கத்தி வென்றது, கை விரிந்தது என்பதே அதன் முடிவு. உண்மையில் இடர்ப்பாடுகள் இதற்குப் பின்னரே தொடங்கின.

முதலாவது இடர்ப்பாடு சத்திரசிகிச்சைக் கூடத்திற்கு வெளியே இருந்தது. பல ஆண்டுகளாக மடிந்தே கிடந்த விரலின் மூட்டு இறுகியிருக்கும், தோல் சுருங்கியிருக்கும். அத்தகைய விரலில் எத்தசைநாணைத் தைத்தாலும் அது அசையாது. எனவே சத்திரசிகிச்சைக்கு முன்னரே உருக்கிய மெழுகில் தோய்த்தும், எண்ணெய் பூசிப் பிடித்தும், சிறிது சிறிதாக நிமிர்த்திக் கட்டுப்போட்டும் கையைத் தளர்த்தவேண்டும். எந்தக் கை கத்திக்கு ஆயத்தம், எது ஆயத்தமில்லை என்று கூறவல்லவர் கையை நாள்தோறும் தொட்டவரேயன்றி, வாரத்திற்கொருமுறை பார்த்தவரல்லர். சீனாவிலிருந்து வேலூரை வந்தடைந்த இயன்மருத்துவர் ரூத் தோமஸ் இப்பணியை அங்கு ஒழுங்குபடுத்தியவர். பிராண்டின் பெயரை அறிந்தோரிற் பலர் இவர் பெயரை அறியார்.

சத்திரசிகிச்சைக்குப் பின்னரோ இயன்மருத்துவரின் பணி மேலும் நுட்பமானது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் கட்டில் இருந்த கை வெளிவரும்போது அதன் உரிமையாளருக்கே அது அந்நியமானதாக இருக்கும். விரலின் நடுமூட்டை மடக்கிவந்த தசை இப்போது அடிமூட்டை மடக்கி விரலை நிமிர்த்தும் வேலைக்கு அமர்த்தப்பட்டுள்ளது. ஆனால் மூளைக்கு இம்மாற்றம் தெரியாது. பழைய இயக்கத்தை மனத்திற்கொண்டு புதிய இயக்கத்தைப் பெறுமாறு பயிற்றவேண்டும். மற்றைய நோயாளர்க்கு உணர்வு துணைநிற்கும். இவர்களுக்கு அதுவும் இல்லை. விரல் அசைகிறதா என்பதைக் கண்ணாற் பார்த்தே அறியவேண்டும். இதிற் பெரியதோர் ஆபத்தும் இருந்தது. வலி இருப்பின் மிகையான பயிற்சியை நோயாளரே நிறுத்திவிடுவார். வலி இல்லாதவர் சொன்னதற்கு மேலாகவும் செய்வார். மூட்டு வீங்கிச் சிதைந்தாலும் அறியார். இங்கு இயன்மருத்துவரின் உள்ளங்கையே அளவுகோலாயிற்று. நோயாளரின் கையிலே ஓரிடம் மற்றையவிடங்களிலும் சூடாயிருப்பின், அங்கு உள்ளே பழுது தொடங்கிவிட்டது என்பது பொருள். நோயாளர் இழந்த வலியை இன்னொருவரின் தொடுகை ஈடுசெய்தது என்று கூறுவது மிகையாகாது. தொழுநோயாளரைத் தொடுவதே தீட்டெனவும் ஆபத்தெனவும் கருதப்பட்ட காலத்தில் இத்தொழிலின் முழு அறிவும் தொடுகையிலேயே தங்கியிருந்தது.

இரண்டாவது இடர்ப்பாடு சமூகம் சார்ந்தது. விரிந்த கைகளோடு ஊர் திரும்பியோருட் சிலர் முன்னரிலும் வறியராகி மீண்டுவந்தனர். முடங்கிய கையைக் கண்டு இரங்கிக் காசு கொடுத்தோர், நிமிர்ந்த கையைக் கண்டு கொடுக்க மறுத்தனர். தொழுநோயின் வடு இன்னும் உடலில் இருந்தமையால் வேலை தருவாருமில்லை. சத்திரசிகிச்சை அவர்களிடமிருந்து ஒரே பிழைப்பையும் பறித்துவிட்டது. சத்திரசிகிச்சை நிபுணரின் கணக்கிலே இக்கைகள் வெற்றிகள். கைக்குரியோரின் கணக்கிலே அவை தோல்விகள். இம்முரண்பாட்டின் விளைவாகவே 1951ஆம் ஆண்டு கல்லூரி வளவிலே நவஜீவ நிலையம் தோன்றியது. மண்குடிசைகளாலான சிறு கிராமம் அது. தம் ஊரிற் காணும் வாழ்க்கையைப் போன்றதொரு வாழ்க்கையை நடத்திக்கொண்டே, தச்சும் மரப் பொம்மை செய்தலும் போன்ற தொழில்களை அங்கு நோயாளர் பழகினர்.

தச்சுப்பட்டறை தொழில் கற்பதற்கென அமைந்தது. ஆயின் அதுவே ஆய்வுகூடமாகவும் மாறியது. சுத்தியலையும் உளியையும் ஓரளவிற்கு மேல் இறுகப் பற்றிய கைகள் கொப்புளித்தன, கிழிந்தன. தொழுநோயாளரின் தசை தானாகவே அழுகி உதிர்வது என்பது அதுவரை வைத்தியரும் பாமரரும் ஒருங்கே கொண்டிருந்த கருத்து. நவஜீவ நிலையத்திலோ நாள்தோறும் கைகள் பரிசோதிக்கப்பட்டு, ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடப்பட்டது. சூடான பாத்திரம், ஆணி, கருவியின் கூரிய விளிம்பு, விளக்கின் சுவாலை என ஏறக்குறைய ஒவ்வொன்றிற்கும் கண்ணாற் காணத்தக்க காரணம் இருந்தது. இரவிலே விரலின் பகுதி காணாமற் போவதற்கும் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. உறங்குவோரின் உணர்வற்ற விரலை எலிகள் கடித்தன! அதற்குப் பரிகாரமாக நோயாளர்க்குப் பூனைகள் வழங்கப்பட்டன. புனர்வாழ்வுக் குழுவின் உறுப்பினர் பட்டியலிற் பூனைக்கும் இடமளிக்கவேண்டுமென்று எவரேனும் வேடிக்கையாகக் கூறின் அதனை மறுப்பது கடினம்.

இவ்வாய்வைச் செய்தவர் யார் என்பதே இங்கு முக்கியமானது. பட்டறையில் நின்று எக்கருவி எங்கு அழுத்துகிறது என்று கவனித்தோரும், மறைக்காது சொன்னோரும் நோயாளரேயாவர். கருவிகளின் பிடிகளைத் தடிப்பாக்கியும் உருண்டையாக்கியும் மாற்றியமைத்தமைக்கு அவர்களது அனுபவமே ஆதாரம். அழுகலன்று, காயமே உறுப்பை அழிக்கின்றது என்னும் முடிவு, தொழுநோய் பற்றிய மருத்துவ அறிவிலே சத்திரசிகிச்சை முறைக்குக் குறையாத மாற்றத்தை ஏற்படுத்தியது. காயமே காரணமாயின் காவலும் சாத்தியம். காவல் சாத்தியமாயின் அதனைச் செய்யவல்லவர் அவ்வுறுப்பின் உரிமையாளர் ஒருவரே. சிகிச்சைக்குப் பொருளாக இருந்தவர் சிகிச்சை செய்வோராக மாறவேண்டிய கட்டாயம் இவ்வாறு எழுந்தது.

கையைப் பற்றி இவ்வளவு பேசப்பட, பாதம் பின்தள்ளப்பட்டதற்குக் காரணம் கௌரவமே போலும். நுட்பமான கைச் சத்திரசிகிச்சையைக் காண உலகெங்கிலுமிருந்து வைத்தியர் வந்தனர். நாற்றமெடுக்கும் பாதப்புண்ணைக் காண எவரும் வரவில்லை. ஆயின் தொழுநோயாளரைப் பெருமளவில் முடமாக்கி, காலை வெட்டியெடுக்கும் நிலைக்குத் தள்ளியது பாதப்புண்ணே. இவ்விடத்தில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. பிற்காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய மில்றோய் போல், 1930களிலே, புண்ணுற்ற பாதத்தைப் பிளாஸ்டர்க் கட்டினுள் வைத்து நோயாளரை நடமாடவிடும் முறையைக் கையாண்டார். உடலின் பாரம் பாதத்தின் ஒரே புள்ளியில் விழாது கட்டெங்கும் பரவுவதனாற் புண் ஆறுகின்றது. இம்முறையை வேலூரார் விரிவாகப் பயன்படுத்தினர். கட்டினுட் பாதம் ஆறியது. கட்டை அகற்றி வெறுங்காலுடன் வயலுக்குச் சென்றதும் மீண்டும் புண்ணாயிற்று. மருந்தாலும் கத்தியாலும் கட்டாலும் தீர்க்கமுடியாத இச்சிக்கலைத் தீர்க்க வேண்டியவராகச் செருப்புத் தைக்கும் தொழிலாளர் குழுவினுள் நுழைந்தார்.

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955ஆம் ஆண்டு ஷீஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. மரமற்ற வறள்நிலத்திலெழுந்த அந்நிலையத்திலே காலணிப் பட்டறை ஒரு மருத்துவப் பகுதியாகவே இயங்கியது. எத்தகைய றப்பர் வேண்டும் என்பது நீண்ட பரிசோதனைக்குரிய வினாவாயிருந்தது. கடினமானது பாதத்தை அழுத்தும்; மிக மென்மையானது சில நாட்களில் நசிந்து பயனற்றுப்போகும். ஷோர் அளவையில் ஏறத்தாழ 15 என்ற மென்மையுடைய நுண்துளை றப்பரே ஏற்றதெனக் கண்டனர். அதனடியிற் கடினமான தளமொன்று முள்ளையும் கல்லையும் தடுத்தது. செருப்பில் ஆணி அடித்தல் விலக்கப்பட்டது. உணர்வற்ற பாதத்தினுள் ஆணி ஏறினும் அணிந்தவர் அறியார். தமிழ்ச் சமூகத்திலே தோலையும் செருப்பையும் தொட்டுச் செய்யும் தொழில் சாதியமைப்பின் அடிநிலையில் வைக்கப்பட்டிருந்தது என்பது யாவரும் அறிந்ததே. அத்தொழிலே பாதத்தைக் காக்கும் இறுதி அரணாயிற்று. சத்திரசிகிச்சை நிபுணரும் செருப்புத் தைப்போரும் ஒரே பாதத்தைக் குனிந்து பார்த்து, எங்குத் தடிப்பு வேண்டும், எங்குக் குழிவு வேண்டும் என உரையாடிய நிலை, மருத்துவ நோக்கில் இயல்பானதே. சமூகவியல் நோக்கிலோ அஃது அக்காலத்தின் அசாதாரண நிகழ்ச்சியாகும். இயன்மருத்துவத் தொழில்நுட்பவியலாளருடன் காலணித் தொழிலாளருக்கும் கரிகிரி முறையான பயிற்சியளித்தது. வேறு நாடுகளிலிருந்தும் பயிலுநர் அங்கு வந்தனர்.

எனினும் இக்காலணியின் வரலாற்றில் ஒரு கசப்பும் உண்டு. கறுத்த றப்பராலான அச்செருப்பு, அணிந்தவர் யார் என்பதைத் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுத்தது. பாதத்தைக் காத்த பொருளே சமூகத்தின் முன் அடையாள முத்திரையாயிற்று. அதனால் அதனை அணிய மறுத்துப் புண்ணுடன் மீண்டோர் பலர். பொறியியல் அறிவு எவ்வளவு சரியானதாயிருப்பினும், ஊர்ச் சந்தையில் அச்செருப்போடு நடப்பவரின் மனநிலையை அறிந்து கூற வல்ல சமூக சேவையாளரின் சொல்லுக்குத் தொடக்கத்திற் போதிய மதிப்பளிக்கப்படாமையின் விளைவாகவே இதனைக் கொள்ளவேண்டும்.

கண்ணைப் பொறுத்தவரையில், இமை மூடாமையாற் பார்வையிழக்கும் தொழுநோயாளர்க்கான சிகிச்சையை மார்கிறற் பிராண்ட் வளர்த்தெடுத்தார். உணர்வற்ற கைக்கும் காலுக்கும் காவல் கண்ணே என்பதை நினைக்கையில், கண் வைத்தியரின் பங்கு ஏனையோரது பங்குகளுக்கெல்லாம் அடிப்படை என்பது விளங்கும். பார்வையும் போயின் இயன்மருத்துவரும் தச்சரும் செருப்புத் தைப்போரும் செய்த அனைத்தும் வீணாகும்.

இவ்வாறு தேவைக்கேற்ப ஒவ்வொருவராகச் சேர்ந்த தொழிலினரை முறையானதொரு துறையாக்கிய பெருமை மேரி வர்கீஸ் அவர்களைச் சாரும். 1925ஆம் ஆண்டு கொச்சியிற் பிறந்து, வேலூரிற் கற்று வைத்தியரான இவர், 1954ஆம் ஆண்டு நிகழ்ந்த வாகன விபத்தில் முதுகுநாண் காயமுற்று இடுப்பின்கீழ்ச் செயலிழந்தார். கைச் சத்திரசிகிச்சையை அமர்ந்தவாறே செய்யலாம் என்பதனாற் சக்கர நாற்காலியிலிருந்து தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யத் தொடங்கினார். இச்செய்தி பலராலும் வியந்து கூறப்படுவது. வியப்பு அவ்வளவில் நின்றுவிடுவதுதான் குறை. அவர் அதனோடு அமைந்துவிடவில்லை. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் நோயாளராகப் பயிற்சி பெற்றுத் தம் அன்றாடச் செயல்களைத் தாமே செய்யும் ஆற்றலை அடைந்தார். பின்னர் நியூயோர்க்கில் ஹவாட் றஸ்கின் நிறுவனத்திலே புனர்வாழ்வு மருத்துவத்தைக் கற்றார். 1963ஆம் ஆண்டு வேலூரிற் புனர்வாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். அவரது முயற்சியால் 1966ஆம் ஆண்டு பாகாயத்திலே, நோயாளர் தங்கிச் சிகிச்சை பெறும் புனர்வாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவதாக அதனைக் கூறுவர்.

தொழுநோயாளரைச் சுற்றி வளர்ந்த குழு இப்போது முதுகுநாண் காயமுற்றோரையும் போலியோவால் முடங்கியோரையும் நாடிச் சென்றது. மரமேறி வீழ்ந்தோர், கிணற்றில் வீழ்ந்தோர், வாகனத்தில் அடிபட்டோர் என உழைக்கும் வயதினரே இவர்களிற் பலர். பங்குகளின் பிரிவும் இங்குத் தெளிவடைந்தது. வைத்தியர் எஞ்சியுள்ள ஆற்றலை மதிப்பிட்டுக் குறிக்கோளை வகுப்பார். தாதி தோலையும் சிறுநீரையும் காப்பார். இயன்மருத்துவர் தோளையும் கையையும் வலுப்படுத்தி, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும் தாங்கிகளுடன் நிற்கவும் பயிற்றுவார். தாங்கிகளைச் செய்வோர் உடலை அளந்து உலோகத்தை வளைப்பர். தொழில்வழிச் சிகிச்சையாளரின் பங்கே அடிக்கடி தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது. வேலை தேடிக்கொடுப்பது அவரது தொழிலன்று. உடுத்தல், உண்ணல், குளித்தல், சமைத்தல் ஆகிய அன்றாடச் செயல்களை எஞ்சிய ஆற்றலைக்கொண்டு செய்யும் வழியைக் காண்பதே அவரது தொழில். நியூயோர்க்கின் பாடங்கள் இங்கு அப்படியே பொருந்தவில்லை. ஓலைக்குடிசையின் நிலைப்படியைச் சக்கர நாற்காலி தாண்டாது. சமையல் நிலத்திலிருந்து நடைபெறுவது. மலசலகூடம் வீட்டினுள் இல்லை. எனவே தரையோடு அமைந்த வாழ்க்கையைத் தரையோடேயே மீண்டும் கற்பிக்கவேண்டியிருந்தது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மேலைநாட்டிலே இரண்டு மணித்தியாலத்திற்கொருமுறை நோயாளரைப் புரட்டியவர் சம்பளம் பெற்ற தாதி. வேலூரிலே அதனைச் செய்தவர் பெரும்பாலும் உடன்வந்த மனைவி அல்லது தாய். சம்பளமுமின்றி, பதவியின் பெயருமின்றிக் குழுவில் இணைந்த இவ்வுறுப்பினர் ஊர் திரும்பியபின் தாதியும் இயன்மருத்துவரும் செய்த பணிகளைத் தனித்தே தொடரவேண்டியவர். அவரைப் பயிற்றாது நோயாளரை அனுப்புவது சில மாதங்களிற் படுக்கைப் புண்ணோடு அவரை மீளப் பெறுவதற்கே ஒப்பாகும். சமூக சேவையாளர் வீட்டு நிலைமையை முன்னரே அறிந்து கூறும் செய்தி இதனாலேயே வைத்தியரின் அறிக்கைக்குச் சமமான பெறுமதி பெற்றது.

குழு என்ற சொல் சமத்துவத்தைக் குறிப்பதுபோல் ஒலிப்பினும் நடைமுறையில் ஏணிப்படிகள் நீங்கிவிடவில்லை. கூட்டத்தைத் தலைமை தாங்கியவர் வைத்தியரே. நூல்களிலே சத்திரசிகிச்சை முறை பிராண்டின் பெயரால் வழங்குகின்றது. அதனைப் பயனுடையதாக்கிய பயிற்சிமுறைகளுக்கோ எவர் பெயரும் இல்லை. நோயிலிருந்து மீண்டு தொழில்நுட்ப உதவியாளரானோரின் பெயர்களும் ஏடுகளில் அரிதாகவே காணப்படுகின்றன. மிஷனரி நூல்கள் இவ்வரலாற்றைத் தனிமனிதத் தியாகத்தின் கதையாக எழுதியமையும், வெளிநாட்டு உதவி அத்தகைய கதைகளையே வேண்டிநின்றமையும் இதற்குக் காரணங்களாகலாம். மேரி வர்கீஸ் தலைமையேற்றமையால் ஏற்பட்ட மாற்றம் இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. நோயாளர் இருக்கும் உயரத்திலேயே அமர்ந்திருந்து பேசிய தலைவரிடம், இது முடியாது என்று நோயாளர் கூறுவதும் எளிதன்று. இது முடியும் என்று அறியாதோர் கூறுவதும் எளிதன்று. இந்திய அரசு 1972ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. 1986ஆம் ஆண்டு அவர் காலமானார்.

பாகாயத்து நிறுவனம் திறக்கப்பட்ட 1966ஆம் ஆண்டிலேயே பிராண்ட் வேலூரை நீங்கி அமெரிக்காவின் கார்வில் வைத்தியசாலைக்குச் சென்றார். பிளாஸ்டர்க் கட்டும் அவரோடு சென்றது. நீரிழிவினாற் பாதத்தின் உணர்வை இழந்தோர்க்கும் அதே கட்டு பயன்படும் என்பது அங்குத் தெளிவாயிற்று. 1930களில் இலங்கையிலே தொழுநோயாளரின் பாதத்திற் சுற்றப்பட்ட அக்கட்டு, இன்று பல நாடுகளின் நீரிழிவுச் சிகிச்சை நிலையங்களிலே பாதத்தை வெட்டாது காக்கும் முறையாகக் கையாளப்படுகின்றது. அதனைச் சுற்றுவோர் பல இடங்களில் வைத்தியரல்லர். இயன்மருத்துவரும் தாதியரும் கட்டுப்போடுவதிற் பயிற்சிபெற்ற தொழில்நுட்பவியலாளருமே. கட்டு அகற்றப்பட்டபின் அப்பாதத்திற்கு வேண்டிய காலணியைச் செய்து கொடுப்பவர் இன்றும் செருப்புத் தைப்போரே.